இரண்டு இரண்டு கிராமாக

பியானோவை மாற்றிவிட்டார்கள் என்றுதான் அவன் முதலில் நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை. கச்சேரி சனிக்கிழமை. ஹாலின் எழுநூறு நாற்காலிகளும் காலியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேடைக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பெரிய பியானோக்கள் நிற்கும். வருகிற கலைஞர் எதைக் கேட்கிறாரோ அதை நடுவே தள்ளுவார்கள். நான்கு வருடமாக அவன் கேட்பது இடது பக்கத்துப் பியானோவைத்தான். இன்றும் அதுதான் நடுவே நின்றது. உட்கார்ந்து, விரல்களைச் சூடாக்கிக்கொள்ள மெதுவாக மேலும் கீழும் ஓடினான். ஏதோ சரியில்லை. ஈரத் துணியை மிதிப்பது மாதிரி இருந்தது.

நிகழ்ச்சியின் கடைசி உருப்படியை எடுத்தான். அதன் முடிவில் நான்கு நிமிடம் ஆக்டேவ்கள் வரும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் எட்டுக் கட்டை அகலத்தில் சேர்ந்து விழவேண்டும், விழுந்த வேகத்தில் எழவேண்டும், மூச்சு விடாமல். அரை நிமிடத்தில் சுண்டுவிரல் பின்தங்கியது. ஒரு நிமிடத்தில் முழங்கைவரை இழுத்தது. ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திவிட்டான்.

எழுந்து பியானோவைச் சுற்றி வந்தான். இடது ஓரத்தில், முன்காலுக்கு மேலே, ஒரு கீறல் இருக்கவேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அவன் மனைவியின் கைப்பைக் கொக்கி பட்டு விழுந்தது. அவள் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "யாரும் பார்க்கல, நீயும் பார்க்கல" என்று சொன்ன கீறல்.

இருந்தது. பியானோ அதேதான். அப்படியென்றால் யாரோ அதை ஏதோ செய்திருக்கிறார்கள்.

மேடைப் படிக்குக் கீழே மச்சானும் புது டியூனரும் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பத்து மாதத்துக்கு முன் அவள் இறந்தபிறகு, அவள் பார்த்துக்கொண்டிருந்த தேதி, ஒப்பந்தம், ஹால்காரர்களோடு பேச்சு எல்லாம் அவர் தலையில் விழுந்தன. டியூனர் முப்பது வயதுப் பெண். எல்லோரும் பெரியவர் என்று கூப்பிட்ட பழைய டியூனர் கோடையில் ஓய்வுபெற்று மகன் ஊருக்குப் போனபின் வந்தவள். அவனைக் கண்டதும் இருவர் பேச்சும் அறுந்தது.

"என்ன மாப்ளே, அதுக்குள்ள முடிச்சிட்டீங்க?"

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. மேடையில ஏசி காத்து நேரா அடிக்குதான்னு கேட்டேன்."

டியூனர் தரையைப் பார்த்தாள். ஏசிக்கு யாரும் தரையைப் பார்ப்பதில்லை.

"கடைசி உருப்படி கொஞ்சம் முரடாச்சே. வேணும்னா லேசா வேற ஏதாவது வச்சுக்கலாமா?" என்றார் மச்சான்.

"ஏன்?"

"சும்மா சொன்னேன்."

மச்சான் சும்மா சொல்லும் ஆள் இல்லை. மழை வருமா என்று கேட்டால்கூட இரண்டு பேரை விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

வீட்டுப் பியானோவில் அதே ஆக்டேவ்கள் நான்கு நிமிடமும் வழுக்கிக்கொண்டு ஓடின. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை வாசித்தான். ஓடின. ஆகவே கை அல்ல.

கை விஷயத்தில் அவனுக்கு ஒரு பழைய பயம் உண்டு. ஏழு வயதில், பள்ளிக்கூட ஹாலில் பூட்டாமல் விட்ட பியானோவில் உட்கார்ந்தவன். பதினாறில் இசைக் கல்லூரி. பத்தொன்பதில் பெரிய போட்டி ஒன்றில் இரண்டாம் பரிசு. பிறகு பன்னிரண்டு வருடம் பெட்டியும் கையுமாக ஊர் ஊராக, வருடத்துக்கு அறுபது கச்சேரி. முப்பத்தொன்றாம் வயதில் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. முழங்கையில் நரம்பு அழுந்துகிறது என்றார் டாக்டர். பயிற்சி செய்யுங்கள், வரலாம், வராமலும் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். மனைவி அந்தக் காகிதத்தை மடித்து எங்கோ வைத்துவிட்டாள்.

"இனிமே வெளியூர் வேண்டாம். இந்த ஹால்ல மட்டும் வாசி. எனக்கு விமானம் ஏறினா குமட்டுது" என்றாள்.

அதுவரை குமட்டாத விமானம். அவன் கத்தினான். அவள் துணி மடித்தாள். கொஞ்ச நாளில் அவனுக்கே கத்தச் சலித்துவிட்டது. பிறகு மெல்ல மெல்ல விரல்கள் திரும்பி வந்தன. ஒன்றரை வருடத்தில் முழுசாக. பத்திரிகைகள் அவன் தொடுகையை இறகு என்று எழுதின. பயிற்சி கூடச் செய்யாமல் தானாகவே சரியாகிவிட்டது என்று அவன் நம்பினான்.

இப்போது வீட்டில் கை இருக்கிறது, ஹாலில் இல்லை. கட்டை எத்தனை கனத்துக்கு இறங்குகிறது என்று இரண்டு பியானோவிலும் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான்.

அவள் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவள். சமையலறையில் கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்திருந்தாள். அலமாரியில் அவளுடைய காலி மாத்திரை டப்பா இருந்தது. தூக்கிப் போட அவனுக்குத் தோன்றவில்லை. வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இருந்தது. அதில் சர்க்கரை போட்டான். தந்திகளை அமுக்கும் பட்டைகள் குறுக்கே வராமல் இருக்க வலது பெடலை மிதித்துக்கொண்டு, வீட்டுப் பியானோவின் நடுக் கட்டை நுனியில் டப்பாவை வைத்தான். அசையவில்லை. இன்னும் ஒரு சிட்டிகை. இன்னும் ஒன்று. கட்டை தூக்கத்தில் தலை சாய்வது மாதிரி இறங்கியது. டப்பாவை எடுத்துத் தராசில் வைத்தான். முப்பத்தெட்டு கிராம் காட்டியது.

புதன்கிழமை காலை டப்பாவோடும் தராசோடும் சர்க்கரைப் பொட்டலத்தோடும் ஹாலுக்குப் போனான். வாட்ச்மேன் மேடைக்குக் கீழே நின்று பார்த்தார்.

"சார், பியானோவுக்கு மாத்திரையா?"

"ஆமா."

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

முப்பத்தெட்டு கிராம் டப்பா கட்டையின் மேல் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. சர்க்கரை சேர்த்தான். நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டில்தான் கட்டை இறங்கியது. அடுத்த கட்டையும் ஐம்பத்திரண்டு. அதற்கடுத்ததும்.

பதினான்கு கிராம் தானாக ஏறாது. யாரோ உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாக, பொறுமையாக ஏற்றியிருக்கிறார்கள். அவனைக் கவிழ்க்க.

மச்சானின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. அவர் இருக்கையில் இல்லை. மேசையில் டயரி திறந்து கிடந்தது. படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தான். சனிக்கிழமைக்கு எதிரே 'மாப்பிள்ளை' என்று எழுதி ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே: 'அந்தப் பொண்ணு அன்னைக்கு ஃப்ரீயா? கேட்கணும்.' அந்தப் பெண் யாரென்று அவனுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயது, போன வருடப் போட்டியில் முதல் பரிசு.

"என்ன மாப்ளே, சொல்லாம கொள்ளாம?" மச்சான் டீக் கோப்பையோடு வந்து நின்றார்.

"எனக்குப் பதில் ஆளே பிடிச்சிட்டீங்க போல."

மச்சான் டயரியைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"கேள்விக்குறி போட்டேன். ஆமா. அவ போனப்புறம் முதல் கச்சேரி. மேடையில நடுவுல நீங்க அழுதுட்டா நான் என்ன பண்றது?"

"நான் இதுவரைக்கும் அழல."

"அதான் பயமா இருக்கு."

"டியூனர்கிட்ட என்ன ரகசியம்?"

"ஏசின்னு சொன்னேனே."

"மச்சான்."

"சரி. மாப்பிள்ளைக்கு மனசு சரியில்ல, ஏதாவது கத்தினா பொறுத்துக்கோம்மான்னு சொன்னேன். போதுமா?"

போதவில்லை. நம்பும்படியாகத்தான் இருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

டியூனர் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், தந்தியைத் தட்டும் சுத்தி ஒன்றின் கம்பளியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் டப்பாவை அவள் முன் வைத்தான்.

"வீட்ல முப்பத்தெட்டு. இங்க அம்பத்திரண்டு. யார் சொல்லி பண்ணீங்க?"

அவள் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தாள். "என்ன சார் இது, சர்க்கரையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தாள். உள்ளே வரிசையாகப் பித்தளை எடைகள். "அம்பத்திரண்டுதான் சார் சரி. பக்கத்துல நிக்கிற பியானோவும் அம்பத்திரண்டுதான், வச்சுப் பாருங்க. நீங்க வாசிக்கிறதுதான் முப்பத்தெட்டுல கெடந்துச்சு. வெளியூர்லேர்ந்து வர்றவங்க எல்லாம் காத்துல வாசிக்கிற மாதிரி இருக்குன்னு புகார் எழுதி வச்சிருக்காங்க. ஹால் மூடியிருந்த மாசத்துல சரி பண்ணச் சொன்னாங்க. பண்ணேன்."

"என்னைக் கேட்கலையே."

"உங்களைக் கேட்கணும்னு யாரும் சொல்லல சார். ஹால் பியானோதானே." அவள் மரப்பெட்டியை மூடினாள். "உங்க வீட்டுப் பியானோவ யார் பார்க்கிறாங்க?"

"பெரியவர்தான் பார்த்துட்டிருந்தாரு."

உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "நான் ஒருதரம் பார்க்கலாமா?"

இதையும் கெடுக்க வருகிறாள் என்று அவனுக்கு உடனே தோன்றியது. ஆனால் பார்க்காமல் இருந்தால் தெரியவும் போவதில்லை.

"பார்க்கலாம். கை வைக்கக் கூடாது."

"கை வைக்காம எப்படி சார் திறக்கிறது?" என்றாள்.

அன்று மதியமே வந்தாள். அவன் இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, திருடனைக் காவல் காப்பதுபோல நின்றான். முன்பலகையைக் கழற்றி, கட்டை வரிசை முழுவதையும் மேசை இழுப்பறை மாதிரி வெளியே இழுத்தாள். நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள்.

நீளமான மரக்குச்சி. அதன் பக்கவாட்டில் ஈய வில்லைகள் பதிந்திருந்தன. இரண்டு கறுத்துப்போனவை. "இது தொழிற்சாலையில வச்சது" என்றாள். மற்றவை சின்னதாக, வெளுப்பாக, ஒன்றையடுத்து ஒன்று. எண்ணினான். ஏழு. ஒவ்வொன்றின் தலைமேலும் பென்சிலில் ஒரு தேதி.

"கட்டை முனையில ஈயம் வச்சா விரலுக்கு லேசாயிடும். எங்க வேலையில உள்ள எதைத் தொட்டாலும் தேதி போட்டுட்டுதான் மூடுவோம் சார். அடுத்து திறக்கிறவங்களுக்காக. வெளியில இருந்து யாருக்கும் தெரியாது." அடுத்த கட்டையை உருவினாள். அதே ஏழு. "ஹால் பியானோவுலயும் இதே ஏழு தேதிதான், ஒருநாள் ரெண்டுநாள் முன்ன பின்ன. பெரியவர் ஏதோ சோதனை பண்ணிப் பார்த்திருக்காருன்னு நெனச்சேன். மன்னிச்சிடுங்க."

அவன் கட்டையைக் கையில் வாங்கினான். முதல் தேதி, டாக்டர் காகிதம் எழுதிய மாதம். அதன் பக்கத்தில் வேறொரு கையெழுத்து, குண்டூசித் தலை அளவில்: 52, 50. அடுத்ததில் 50, 48. கடைசியில் 40, 38. நாலு என்ற எண்ணை முக்கோணமாக மூடி எழுதும் ஆள் அவனுக்குத் தெரிந்து ஒருத்திதான். பள்ளிப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் அந்த நாலை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான்.

ஏழு தேதிகளையும் மறுபடி படித்தான். ஏழும் அவன் அக்கா வீட்டில் இருந்த நாட்கள். அக்காவுக்கு முழங்கால் வலி, போய்ப் பாரேன் என்பாள். அக்கா வீட்டில் தண்ணித் தொட்டி ஒழுகுதாம், போயேன். காலையில் போனால் மறுநாள்தான் வருவான். மூன்றாவது தடவை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். ஸ்டூலுக்குக் கீழே மரத்தூள் கொஞ்சம். சமையலறையில் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. யார் வந்தது என்று கேட்டான். யாருமில்லை என்றாள். மூன்று வருடம் அந்த இரண்டாவது டம்ளரை அவன் மனசில் வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட அது நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பெரியவர் டீ குடித்தார் என்று சொல்லியிருப்பாள், அல்லது அப்போதும் சொல்லியிருக்க மாட்டாள்.

"அப்போ என் கை சரியாகவே இல்ல" என்றான்.

"அது எனக்குத் தெரியாது சார். கட்டை லேசாச்சுன்னு மட்டும்தான் தெரியும்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். நான்கு வருடக் கைதட்டலை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இறகு என்று எழுதினார்களே, அது எத்தனை கிராமில்? கச்சேரி முடிந்து மேடைப் பக்கத்திலிருந்து அவள் சிரிப்பாளே, அது அவன் வாசிப்புக்கா, தன் கணக்கு சரியாக வந்ததற்கா? கோபம் வரும் என்று காத்திருந்தான். பத்து மாதமாக எதுவும் வராத இடத்திலிருந்து அதுவும் வரவில்லை.

மச்சானுக்குப் போன் செய்தான். அரை மணியில் வந்தார். கட்டையைக் கண்ணருகே பிடித்து, தள்ளிப் பிடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தங்கையின் எழுத்தைக் கண்டுகொண்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஆஸ்பத்திரியில சொன்னா. அண்ணா, என்ன ஆனாலும் அவருக்கு இடது பக்கத்துப் பியானோதான் போடணும், வேற யாரும் அதத் தொடக்கூடாதுன்னா. ஏதோ ராசின்னு நெனச்சேன். நான் அதுக்கு என்ன பண்ணேன் தெரியுமா? இடம் மாறிடக்கூடாதுன்னு தரையில சாக்பீஸால கோடு போட்டேன். தூசி படக்கூடாதுன்னு புது உறை தச்சுப் போட்டேன். உள்ளாற ஈயம் இருக்குன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"உறை நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றாள் டியூனர். "அதக் கழட்டிட்டுதான் வேலை செஞ்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அறையில் ஏதோ கொஞ்சம் தளர்ந்தது.

"சனிக்கிழமைக்குள்ள ஹால் பியானோவுல திரும்ப வச்சிடலாம்" என்றாள் அவள். "நான் அடைச்ச ஓட்டையெல்லாம் அப்படியே இருக்கு. நடுவுல அம்பது கட்டைக்கு வச்சாப் போதும். ஹால்ல யார்கிட்டயும் சொல்லத் தேவையில்ல. என்னாலதானே வந்துச்சு."

"அதான் சரி!" என்று மச்சான் எழுந்தே விட்டார். "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றான் அவன்.

"இத்தனை நாள் வாசிச்சீங்களே மாப்ளே."

"இத்தனை நாள் தெரியாது. இனிமே அதுல உட்கார்ந்தா வாசிக்கிறது நானா ஈயமான்னு பார்த்துட்டே இருப்பேன். சனிக்கிழமை அந்தப் பொண்ணு வாசிக்கட்டும். கேட்டுட்டீங்களா?"

"கேட்கல. கேட்கணும்னுதான் எழுதினேன்."

"கேளுங்க."

மச்சான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அவன் கட்டையை டியூனரிடம் நீட்டினான்.

"இந்த ஈயத்தை எடுங்க. ஒரேயடியா இல்ல. கடைசித் தேதியிலேர்ந்து பின்னால, அவ வச்ச மாதிரியே. ரெண்டு ரெண்டு கிராமா."

"ஒரு தேதிக்கு ஒரு முழுநாள் ஆகும் சார். எப்போ எப்போ வரட்டும்?"

"என்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா அன்னைக்கே கை கனக்க ஆரம்பிச்சிடும். என் கையை எனக்குத் தெரியும்."

"சொல்லாம எப்படி உள்ள வர்றது?"

"சாவி மச்சான்கிட்ட இருக்கும். வியாழக்கிழமை நான் வீட்ல இருக்க மாட்டேன். சில வியாழன் வாங்க. சில வியாழன் வராதீங்க."

அவள் கட்டையை அதன் இடத்தில் பொருத்தினாள். "தேதி போடுவேன் சார்" என்றாள். "அது பழக்கம்."

டாக்டரின் காகிதம் தராசு வந்த அட்டைப்பெட்டியின் அடியில் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினான். "நாலு வருஷம் முன்னால ஆரம்பிச்சிருக்கலாமே" என்றார் டாக்டர். காலையும் மாலையும் விரல்களில் ரப்பர் வளையம் மாட்டி விரித்து மூடச் சொன்னார். செய்தான். வாசிப்பு சில வாரம் அப்படியே இருந்தது. சில வாரம் இரண்டே நாளில் ஈரத் துணியானது. எடுத்துவிட்டார்களா, தன் கற்பனையா என்று தெரியவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றான். மச்சான் முகம் எப்போதும் எதையோ ஒளிப்பது போலத்தான் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்காவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"ஏன்டா, வாராவாரம் வியாழக்கிழமையானா வந்து உட்கார்ந்துக்கிற? யாராவது இருக்காங்களா? இருந்தா சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வீட்ல வேலை நடக்குது."

"என்ன வேலை?"

"தெரியாது."

"உன் வீட்ல நடக்கிற வேலை உனக்குத் தெரியாதா?"

"தெரியக்கூடாது."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அவ இருந்தப்பவும் இதே கூத்துதான். திடீர்னு உன்னை இங்க தள்ளிவிடுவா. அப்புறம் போன் போட்டு, அண்ணி, இன்னைக்கு ஒரு ராத்திரி எப்படியாவது பிடிச்சு வைங்கம்பா. தண்ணித் தொட்டி ஒழுகுதுன்னு சொல்லச் சொன்னதே அவதான். ஒழுகவே இல்ல. ரெண்டு பேருக்கும் ஆகலையோன்னு நான் எத்தனை நாள் கவலைப்பட்டிருக்கேன் தெரியுமா?"

"நானும்தான்" என்றான்.

ஈயம் எடுக்கச் சொன்ன ஒன்பதாவது மாதத்தில் மச்சான் போன் செய்தார். அடுத்த வருட நிகழ்ச்சி நிரலுக்கு ஹாலில் பேர் கேட்கிறார்கள்.

"உங்க பேரைப் போடவா மாப்ளே?"

"கேள்விக்குறியோட போடுங்க."

"அவங்க தாள்ல கேள்விக்குறி போட முடியாது. என் டயரியில வேணா போட்டுக்கிறேன். எந்தப் பியானோன்னு கேட்டா என்ன சொல்ல?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுங்க."

அந்த வியாழக்கிழமை அக்கா வீட்டிலிருந்து சாயங்காலம் திரும்பினான். ஸ்டூலுக்குக் கீழே சுத்தமாக இருந்தது. புது டியூனர் பெரியவரைவிடக் கவனமாகப் பெருக்குகிறவள். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து ஆக்டேவ்களை எடுத்தான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சுண்டுவிரல் முணுமுணுத்தது, ஆனால் வந்தது. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே முழங்கை இழுத்தது. நிறுத்தினான். போன மாதம் இரண்டரை. நாற்பத்தெட்டிலா, ஐம்பதிலா, ஐம்பத்திரண்டே ஆகிவிட்டதா? அல்லது மச்சானும் டியூனரும் பேசிவைத்துக்கொண்டு ஒரு ஈயத்தையும் எடுக்காமலே இருக்கிறார்களா?

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அடியில் இன்னும் ஈரம். அலமாரியில் தராசு இருந்தது. டப்பாவும் இருந்தது, சர்க்கரை உள்ளே கட்டிதட்டிப்போய். அளந்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

டப்பாவைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு மூடியைத் திறந்து, குழாயைத் திருகி, சர்க்கரை கரைந்து போகும்வரை கழுவினான். கழுவி, அந்த இரண்டு டம்ளர்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆக்டேவ்களை முதலிலிருந்து எடுக்கப் போனான்.